தலைகாத்த தகைமையாளர் டாக்டர் பி. இராமமூர்த்தி

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைச்சாலையில் இருபது கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே செல்வோர் குளிர்ந்த காற்றையும், ஏரியையும், சேர்வராயன் மலைமுகட்டையும் காணச் செல்கின்றனர். 1820களில் சேலம் கலெக்டராக விளங்கிய காக்பர்ன் கொண்டுவந்த காப்பிப் பயிர் இன்றும் அம்மலைச் சரிவெங்கும் செழித்திருப்பதைக் கண்டு மகிழ்கின்றனர். ஏற்காடு ஏறிய இன்பத்தைச் சொல்லும் பயணக் கட்டுரைகள் நம்மிடையே பலவுண்டு. அம்மலையில் வாழும் எளிய மக்கள், நோயுற்ற குழந்தையைத் தோளிலிட்டுக்கொண்டு அதே இருபது வளைவுகளிலும் இறங்கிச் செல்லும் பயணத்தைச் சொல்லும் கட்டுரையை யான் கண்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களோடு சுற்றுலாச் சென்றபோது ஏற்காட்டில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். தேநீர் ஆற்றிக் கொடுத்தவர் நாற்பதை நெருங்கும் வயதினர். அவர் குனிந்தபோது, வலக்காதின் பின்னே தோலுக்கடியில் சிறு மேடொன்றும், அதிலிருந்து கழுத்து வழியாகக் கீழிறங்கும் நரம்பு போன்ற கோடொன்றும் தெரிந்தன. மாணவர் ஒருவர் அடக்கமாட்டாமல் அதுபற்றிக் கேட்டுவிட்டார். கடையின் உட்புறம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவருடைய தாயார் வெளியே வந்து, அது நரம்பன்று, குழாய் என்று விளக்கினார்.

காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர் அவ்வம்மையார். பிறந்த நான்காம் திங்களிலேயே மகனின் தலை உடலுக்குப் பொருந்தாத அளவில் பெருக்கத் தொடங்கிற்று. கண்ணேறு என்றனர் சிலர். பெருந்தலை பேரறிவின் அடையாளம் என்று தேற்றினர் சிலர். குழந்தையின் விழிகள் கீழ்நோக்கிச் சரிந்து, மேலே வெண்மை மட்டும் தெரியத் தொடங்கியபோது, செவிலியர் ஒருவர் உடனே சென்னைக்குக் கொண்டுசெல்லுமாறு கூறினார். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 1986ஆம் ஆண்டில்தான் தோன்றியது. மகன் பிறந்தது அதற்கு முன்னர். ஆகவே பேருந்தில் மலையிறங்கி, இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியலில் சென்னை சென்ட்ரலில் இறங்கினர். அதன் பின்னர் வழி கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. நிலையத்தின் எதிரே, சாலையைக் கடந்தால் பெரிய ஆசுபத்திரி. அங்கே காசு வாங்காமல் குழந்தையின் தலையில் அறுவை செய்து குழாய் பொருத்தி அனுப்பினர்.

அறுவை செய்தவர் யாரென்று கேட்டோம். வெள்ளுடுப்பு அணிந்த மருத்துவர்கள் மூவரோ நால்வரோ இருந்தனர் என்றார். டாக்டர் இராமமூர்த்தி என்னும் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. அதில் வியப்பில்லை, அக்குழந்தை அங்கே சேர்க்கப்பட்டபோது இராமமூர்த்தி அவர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கடந்திருந்தன. ஆயினும் அந்தச் சாலையின் மறுபுறத்தில் மூளை அறுவைக்கென ஒரு துறை இருந்தது அவரால்தான். இக்கட்டுரை அவருடைய வாழ்வைச் சொல்வது.

பிறப்பும் கல்வியும்

பாலசுப்பிரமணியம் இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் அரசு மருத்துவர். ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு, நோயாளியின் முனகலும் மருந்தின் நெடியும் புதியன அல்ல. திருச்சிராப்பள்ளியில் ஈ.ஆர். உயர்நிலைப் பள்ளியில் பயின்று, பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1835இல் தொடங்கிய அக்கல்லூரியும், அதனோடு இணைந்த பொது மருத்துவமனையும் அன்றைய சென்னை மாகாணத்து மருத்துவத்தின் தலைவாயிலாக விளங்கின. அங்கேயே பொது அறுவையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். எடின்பரோ அறுவை மருத்துவர் கழகத்தின் உறுப்பாண்மையும் 1947ஆம் ஆண்டிலேயே அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அத்தகுதியோடு ஊர் திரும்பியிருந்தால், குடலிறக்கமும் பித்தக்கல்லும் அறுத்துப் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ எவரும் மிதிக்காத தடத்தைத் தேர்ந்தார். நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டில் இந்தியாவில் எந்த மருத்துவமனையிலும் மூளை அறுவைக்கெனத் தனித்துறை இல்லை. பொது அறுவை மருத்துவர்கள் அடிபட்ட மண்டையோட்டை அவ்வப்போது திறந்ததுண்டு, அவ்வளவே. தலைக்குள் கட்டி வளர்ந்தோர், பார்வை மங்கி, தலைவலியால் துடித்து, பெயரிடப்படாத நோயால் மாண்டனர்.

1949ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ரோபாதம் என்னும் அறுவை வல்லுநரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். தலைக்காயங்கள் பற்றிய நூலால் பெயர் பெற்றவர் ரோபாதம். நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் நிறைந்த அப்பகுதியில் தலைக்காயத்திற்குக் குறைவில்லை. பின்னர் ஐரோப்பிய மருத்துவமனைகள் சிலவற்றைக் கண்டு, கனடாவின் மாண்ட்ரியல் நகரை அடைந்து, வைல்டர் பென்ஃபீல்டு அவர்களிடம் நான்கு திங்கள் தங்கிக் கற்றார். விழித்திருக்கும் நோயாளியின் மூளையை மென்மின்னோட்டத்தால் தீண்டி, எவ்விடம் கையை அசைக்கிறது, எவ்விடம் சொல்லைப் பிறப்பிக்கிறது என்று வரைபடம் தீட்டியவர் பென்ஃபீல்டு. கேரளத்துக் கோட்டயத்தில் பிறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டியும் இதே ஆசானிடம் பயின்றவர். அவர் 1949இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். அதற்கடுத்த ஆண்டு, 1950ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னைப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி அவர்களின் பணி தொடங்கிற்று. இருபத்தெட்டு வயது இளைஞர் ஒருவரை நம்பி ஓர் அரசு மருத்துவமனை புதுத்துறை ஒன்றைத் தொடங்கியதை இன்று நினைத்தால் வியப்பாகவே உள்ளது.

நாடு முழுவதிலும் இத்துறையினரை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற அந்நிலையில், 1951இல் சாண்டி, இராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். அது பிறந்த இடம் சென்னை.

தலைக்குள் தேங்கும் நீர்

தேநீர்க் கடைக்காரரின் நோயை இங்கே சற்று விளக்குதல் வேண்டும்.

நம் மூளை வறண்ட பெட்டிக்குள் வைத்த பொருளன்று. அதன் நடுவே நான்கு அறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் அமைந்த மெல்லிய குருதிநாளப் பின்னல் இரவும் பகலும் தெளிந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுரப்பது ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். ஆனால் எந்நேரத்திலும் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்பது 150 மில்லிலிட்டர் அளவே. எஞ்சியது எங்கே செல்கிறது? அறைகளை இணைக்கும் நுண்ணிய கால்வாய்கள் வழியே வெளிவந்து, மூளையின் மேற்பரப்பில் பரவி, மீண்டும் குருதியோடு கலந்துவிடுகிறது. ஏரிக்கு வரத்து உண்டு, போக்கும் உண்டு. இரண்டும் ஒத்திருக்கும்வரை நீர்மட்டம் மாறுவதில்லை. மதகு அடைபட்டால் கரை உடையும். மூளையின் கரை மண்டையோடு. பெரியவர்களுக்கு அது இறுகிய எலும்பாதலால் அழுத்தம் முழுவதும் மூளையின்மேல் பாய்ந்து, சில நாட்களிலேயே உயிருக்கு இறுதி நேரும். கைக்குழந்தைக்கோ மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. எனவே நீர் பெருகப் பெருகத் தலை விரிந்து கொடுக்கிறது. உச்சிக்குழி புடைக்கிறது, நெற்றி நரம்புகள் தெரிகின்றன, விழிகள், மேற்கில் சாயும் கதிரவனைப் போலக் கீழிமைக்குள் மறைகின்றன. மூளை, அறைகளின் நீரால் நெருக்குண்டு, மெலிந்துகொண்டே போகிறது.

பிறவியிலேயே நுண்கால்வாய் குறுகியிருத்தல், முதுகெலும்பு மூடாமல் தண்டுவடம் வெளியே பிதுங்கிப் பிறத்தல், குறைமாதக் குழந்தையின் மூளையறைக்குள் குருதி கசிதல், மூளைக்கட்டி எனக் காரணங்கள் பல. நம் நாட்டில் இவற்றோடு இன்னொரு காரணமும் பெரிதாக நின்றது. அது காசநோய். நுரையீரலிலிருந்து குருதி வழியாக மூளையுறைக்குச் செல்லும் காசநோய்க் கிருமி, மூளையின் அடிப்புறத்தில் பிசின் போன்ற படிவை உண்டாக்கி, நீர் செல்லும் வழியை அடைத்துவிடுகிறது.

இந்நோயைக் கண்டு மனம் நொந்த பெருமருத்துவர்கள் முன்னரும் இருந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இசுலாமிய ஸ்பெயினின் கொர்தோபா நகரில் வாழ்ந்த அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, தம் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தின் அறுவைப் பகுதியில், குழந்தைகளின் தலையில் நீர் சேர்வதைத் தனியே எழுதியுள்ளார். தோலுக்கும் எலும்புக்கும் இடையே நீர் நின்றால் எங்கே, எவ்வாறு கீறி வடிப்பது என்று கூறும் அவர், நீர் எலும்பிற்குள்ளே நின்றால் கத்தியை எடுக்கத் தயங்குகிறார். நாளுக்கு நாள் தலை பெருத்து, அதன் பாரத்தால் நிமிர்ந்து உட்காரவும் இயலாமல் இறந்துபோன குழந்தையைத் தாமே கண்டதாகப் பதிவு செய்கிறார். நூற்றுக்கணக்கான அறுவைக் கருவிகளைப் படம் வரைந்து காட்டிய அப்பெருமகனார், தம்மால் இயலாததை இயலாதென்றே எழுதிவைத்தார். அந்நேர்மையை யான் அவருடைய கருவிகளினும் பெரிதாக மதிக்கிறேன்.

அவர் கைவிட்ட இடத்திலேயே மருத்துவம் ஏறத்தாழ 900 ஆண்டுகள் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர் டாண்டி, நீர் எங்கே சுரக்கிறது, எங்கே அடைபடுகிறது என்று சோதனைகளால் நிறுவினார். சுரக்கும் பின்னலையே வெட்டியெடுத்தும் பார்த்தார். பல குழந்தைகள் இறந்தன. 1923இல் பாஸ்டன் நகரின் மிக்ஸ்டர், உள்நோக்கிக் கருவியை மூளையறைக்குள் செலுத்தி அடித்தளத்தில் துளையிட்டார். கருவிகளும் விளக்குகளும் போதாமையால் அவ்வழியும் அன்று தூர்ந்துபோயிற்று. எஞ்சியது ஒரே எண்ணம்: அடைபட்ட மதகைத் திறக்க இயலாதாயின், வேறு வாய்க்கால் வெட்டுவது. மூளையறையில் ஒரு முனையும் உடலின் வேறோரிடத்தில் மறுமுனையுமாகக் குழாய் பொருத்தும் அறுவையே ஷண்ட் எனப்படுவது.

குழாய் வைத்துவிட்டால் போதாதா என்று தோன்றும். நீர் தேவைக்கு மேல் வடிந்தாலும் கேடு. குருதி எதிர்த்தேறினாலும் கேடு. எனவே ஒருபுறமே திறக்கும், குறித்த அழுத்தத்தில் மட்டுமே திறக்கும் சிறு வால்வு வேண்டும். இதைச் செப்பமாகச் செய்தவர் மருத்துவர் அல்லர். பென்சில்வேனியா மாநிலத்துத் தொழிற்கூடப் பணியாளரான ஜான் ஹோல்டர் என்பவரின் மகன் 1955இல் இந்நோயோடு பிறந்தான். பிலடெல்பியாக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் ஸ்பிட்ஸ் அவர்களின் சிகிச்சையில் மகன் இருந்தபோது, தந்தை தம் வீட்டுப் பட்டறையில் அமர்ந்து சிலிக்கோன் குழாயில் கீறலிட்டு வால்வு செய்தார். 1956 முதல் அது குழந்தைகளுக்குப் பொருத்தப்பட்டது. ஹோல்டரின் மகன் நெடுநாள் வாழவில்லை. அவன் பொருட்டுப் பிறந்த வால்வு உலகெங்கும் சென்றது. சில ஆண்டுகள் கழித்து, விபத்தில் தலையடிபட்ட தம் மகனுக்காக எழுத்தாளர் ரோல்டு டாலும், வெய்டு என்னும் பொறியாளரும், டில் என்னும் அறுவை மருத்துவரும் சேர்ந்து இலண்டனில் மற்றொரு வால்வை உருவாக்கினர். அது முடியுமுன்னரே அம்மகனுக்குக் குழாயின் தேவை நீங்கிவிட்டது. எனினும் அவர்கள் அதை ஆதாயமின்றியே பிற குழந்தைகளுக்கு வழங்கினர்.

அரசு மருத்துவமனையும் மூளை அறுவையும்

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள். சென்னைப் பொது மருத்துவமனையின் நிலை வேறு. இராமமூர்த்தி தொடங்கிய காலத்தில் தலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்றுள்ள ஸ்கேன் கருவிகள் இல்லை. கணினி வழி எக்ஸ்ரே உலகில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டதே 1971இல்தான். அதற்கு முன்னர், மண்டையில் சிறு துளையிட்டு, மூளையறை நீரைச் சிறிது வடித்து, அவ்விடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுப்பர். கறுப்பாகத் தெரியும் காற்றின் வடிவைக் கொண்டு அறை பெருத்திருக்கிறதா, கட்டி எப்பக்கம் நெருக்குகிறது என்று ஊகிப்பர். நோயாளிக்கு அது பெருந்துன்பம். மருத்துவருக்கு நிழலைக் கண்டு உருவத்தை அறியும் கலை.

அடுத்து, நோய்களின் வேறுபாடு. மேலைநாட்டுப் பாடநூல்களில் காசநோய்க் கட்டி அருகிய பொருள். சென்னையில் தலைதிறந்து பார்த்த கட்டிகளுள் கணிசமானவை காசநோயால் வந்தவை. ஆகவே நியூகாசிலிலும் மாண்ட்ரியலிலும் கற்றதை அப்படியே இங்கு நடுதல் இயலாதென்பதை இராமமூர்த்தி விரைவில் உணர்ந்தார். இந்நாட்டு மூளைநோய்களை இந்நாட்டிலேயே ஆய்ந்து எழுத வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கையாயிற்று. காசநோய்க் கட்டிகளைக் கண்டறிவது பற்றி அவரும் உடன்பணியாளரும் எழுதிய கட்டுரைகள் வெளிநாட்டு ஆய்விதழ்களில் இடம்பெற்றன. பின்னாளில் டெல்லியின் பேராசிரியர் பி.என். டாண்டனும் அவரும் இணைந்து பதிப்பித்த நரம்பியல் அறுவைப் பாடநூல், இந்திய நோயாளியை நடுவில் வைத்து எழுதப்பட்ட பெருநூலாக இந்திய மாணவர் கைகளில் விளங்கிற்று.

ஸ்ட்ரெப்டோமைசின் வருமுன்னர் மூளையுறைக் காசநோய் கண்ட குழந்தை பிழைப்பதென்பது ஏறக்குறைய இல்லை. 1940களின் இறுதியில் அம்மருந்து வந்தபின், கிருமி ஒழிந்தும் நீர்வழி அடைபட்ட குழந்தைகள் மிஞ்சினர். மருந்தாளர் காத்த உயிரை அறுவையாளர் தொடர்ந்து காக்க வேண்டிய புதிய நிலை உருவாயிற்று. ஷண்ட் அறுவை இந்தியாவில் பரவியதற்கு இதுவே பெருங்காரணங்களுள் ஒன்று எனலாம். குழாயின் கீழ்முனை முதலில் கழுத்துச் சிரை வழியே இதயத்தின் வலமேலறையில் வைக்கப்பட்டது. குழந்தை வளர வளர அக்குழாய் குட்டையாகி, முனை மேலேறி அடைபடும். பின்னர் 1970களில் வயிற்றறைக்குள் விடும் முறை பெருவழக்காயிற்று. வயிற்றறை விரிந்த இடமாதலால், குழந்தை நெடிதுயர்ந்தாலும் போதுமான நீளக் குழாயைச் சுருட்டி முன்கூட்டியே உள்ளே விட்டுவைக்கலாம்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். குடல்வால் அறுவை ஒருமுறை செய்தால் முடிந்தது. ஷண்ட் அவ்வாறன்று. குழந்தைகளுக்கு வைத்த குழாய்களுள் பத்தில் மூன்று அல்லது நான்கு, முதலாண்டிலேயே அடைபட்டோ கிருமி தொற்றியோ பழுதாகின்றன. எஞ்சியவையும் எப்போது பழுதாகும் என்று எவராலும் சொல்ல இயலாது. பழுதுற்றால் சில நாட்களில், சிலபோது சில மணி நேரத்தில், மறுபடியும் அறுவை செய்தாக வேண்டும். புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் ஊருக்கு வந்து ஒருநாள் அறுவை செய்துவிட்டுப் போவது இக்குழந்தைக்குப் பயன்படாது. எந்த இரவில் வந்தாலும் திறந்திருக்கும் கதவும், கதவின் உள்ளே கற்றறிந்த ஒருவரும், ஏழை கொடுக்க இயலாத கட்டணம் கேட்காத நிருவாகமும் வேண்டும். தனிமனிதரின் கைத்திறனால் இது நிறைவேறாது, நிறுவனத்தால்தான் நிறைவேறும்.

இராமமூர்த்தி அவர்களின் பெருமை, அந்நிறுவனத்தைக் கட்டியதில்தான் உள்ளது என்பது என் கருத்து. கைத்திறன் மிக்கோர் தம்மினும் திறமிக்கவரை அருகில் வைத்துக்கொள்ளத் தயங்குவது உலகியல்பு. இவரோ வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா போன்றோரைத் தம் துறையில் சேர்த்துக்கொண்டார். ஆசியாவில் மூளை அறுவைத் துறைக்கு வந்த முதற்பெண்டிருள் ஒருவர் கனகா. இக்குழுவினர் 1960களில், மண்டையோட்டைப் பெரிதாகத் திறவாமல், மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளியை அளந்து மெல்லிய கருவியைச் செலுத்தும் அறுவையை இந்தியாவில் முன்னின்று வளர்த்தனர். நடுக்குவாதத்தால் கைநடுங்கிக் கவளம் எடுக்க இயலாதிருந்தோர் அதனால் பயன்பெற்றனர். நரம்பியல் மருத்துவம், எக்ஸ்ரே, நோய்க்கூறு ஆய்வு எனப் பல பிரிவினர் ஒரே கூரையின்கீழ் இயங்கும் சென்னை நரம்பியல் நிலையம் 1970களில் அம்மருத்துவமனை வளாகத்தில் உருவாயிற்று. அங்கே பயின்ற மாணவர்கள் பிற நகரங்களுக்குச் சென்று துறைகளை அமைத்தனர்.

தனியார் மருத்துவமனைகளின் காலம் தொடங்கிய போதும், ஓய்வு பெற்ற இராமமூர்த்தி நாடியது தொண்டு நிறுவனத்தையே. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் அடையாறில் தொடங்கிய தன்னார்வ மருத்துவச் சேவை நிலையம், வருவாய்க்கேற்பக் கட்டணம் என்னும் கொள்கையுடையது. அங்கே 1970களின் இறுதியில் டாக்டர் ஏ. லட்சுமிபதி நரம்பியல் அறுவை மையத்தை அவர் நிறுவினார். ஐம்பது வயதைக் கடந்தபின் மீண்டும் ஒன்றை முதற்கல்லிலிருந்து கட்டுவதற்குத் தனிமனம் வேண்டும்.

குழாயின் விலை

குழாய் வெளிநாட்டிலிருந்து வரும்வரை ஏழைக் குழந்தைக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. மருத்துவமனையில் அறுவை இலவசம் ஆனாலும், வால்வு வாங்கும் பணத்திற்குத் தாலியை அடகு வைத்த கதைகள் எல்லா மாநிலத்திலும் உண்டு. டெல்லி அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர் உபாத்யாயா மலிவான இந்திய ஷண்டை உருவாக்கினார். அவருக்குப் பின் டாக்டர் சாப்ராவின் பெயர் தாங்கிய ஷண்ட், உத்தரப் பிரதேசத்து ஷாஜஹான்பூரில் தயாராகி நாடெங்கும் பரவிற்று. ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், ஏறத்தாழ 35 டாலர் விலையுள்ள சாப்ரா குழாயையும் 650 டாலர் விலையுள்ள மேலைநாட்டுக் குழாயையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஓராண்டின் முடிவில் இரண்டிற்கும் பயனில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2005இல் வெளியான ஆய்வு கூறிற்று. இந்நாட்டிற்கேற்ற அறுவை என்று இராமமூர்த்தி வலியுறுத்தி வந்த கொள்கைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் அதைக் காண அவர் இருக்கவில்லை.

மிக்ஸ்டர் கைவிட்ட உள்நோக்கி முறையும் 1990களில் மறுபிறவி எடுத்தது. நுண்கால்வாய் அடைபட்ட குழந்தைகளுள் பலருக்கு, குழாயே இல்லாமல் மூளையறையின் தளத்தில் துளையிட்டு நீருக்கு வழிவிடுகின்றனர். கருத்தரிக்கும் முன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குறை பெருமளவு தடுக்கப்படும் என்பது 1991இல் உறுதியாயிற்று. நம் இல்லங்களில் இச்செய்தி இன்னும் போதிய அளவு சென்று சேரவில்லை என்பதை இவ்விடத்தில் சொல்லாதிருக்க முடியவில்லை.

இறுதிக் காலம்

பிற்காலத்தில் இராமமூர்த்தி அவர்களின் நாட்டம் உணர்வு, விழிப்பு, மனம் ஆகியவற்றின்பால் சென்றது. ஆயிரமாயிரம் தலைகளைத் திறந்து பார்த்தவருக்கு, அத்தலைகளுள் நினைவு எங்கே உறைகிறது என்னும் ஐயம் எழுந்தது இயல்பே. யோகப் பயிற்சியின்போது மூளையில் நிகழும் மாற்றங்களை ஆராய்வதில் ஆர்வம் காட்டினார். பத்மபூஷண் உள்ளிட்ட சிறப்புகள் அவரை நாடி வந்தன. 1989இல் புதுடெல்லியில் கூடிய உலக நரம்பியல் அறுவை மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அத்துறையே இல்லாதிருந்த நாட்டிற்கு, உலகத்து வல்லுநர்கள் கூடிவந்தனர்.

அவர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியுள்ளார். அதன் தலைப்பு, வழியெல்லாம் ஏற்றமே என்னும் பொருளுடையது. காவிரிச் சமவெளியில் பிறந்தவர், ஏற்றத்தைத் தலைப்பாக்கிக் கொண்டார். 2003ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் பணியாற்றிய பொது மருத்துவமனை 2011இல் இராசீவ் காந்தி பெயரையும், எதிரேயுள்ள தொடர்வண்டி நிலையம் 2019இல் எம்.ஜி.ஆர். பெயரையும் பெற்றன. இடையிலுள்ள சாலை அதே சாலை. ஏற்காடு எக்ஸ்பிரசும் இரவுதோறும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேநீர்க் கடைத் தாயார் சொன்னதை முடிக்கவில்லை. மகனுக்கு ஒன்பது வயதானபோது, நாலைந்து நாட்கள் தொடர்ந்து விடியற்காலையில் தலைவலித்து வாந்தியெடுத்தான். பள்ளிக்குச் செல்லாமல் பகலிலும் உறங்கினான். அக்கம்பக்கத்தார் பித்தம் என்றனர். முதல் அறுவைக்குப்பின் அனுப்பும்போது, வாந்தியும் உறக்கமும் சேர்ந்து வந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாதென்று மருத்துவர் ஒருவர் மும்முறை சொல்லியனுப்பியது அவருக்கு நினைவிலிருந்தது. பேருந்து சென்றுவிட்டது. காப்பி மூட்டை ஏற்றிய லாரியில் மகனை மடியில் கிடத்தி மலையிறங்கினார். குழாயின் மேல்முனை அடைபட்டிருந்தது, மறுநாளே மாற்றினர். மாற்றிய மருத்துவர் முன்பிருந்தவர் அல்லர் என்றும், பழைய சீட்டைக் காட்டியதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றும் கூறினார்.

அதன்பின் முப்பது ஆண்டுகளாகக் குழாய் தொல்லை தரவில்லை. மகன் ஆறடி உயர்ந்துவிட்டார். மணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. சேலத்திலேயே இப்போது வசதி இருப்பதால் சென்னைக்குச் செல்லத் தேவையிராது என்று நாங்கள் கூறினோம். அதை அறிவேன் என்றார் தாயார். ஆயினும் மகன் தலைவலி என்று சொல்லும் நாட்களில், சேலத்திற்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்ட பின்னரே படுக்கச் செல்வாராம்.